முதல் மாரத்தான், அதுவும் நன்கொடைக்காக: கேளுங்கள், சொல்கிறேன்

ஆறு முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன். அதில் மூன்று, நிதி திரட்டுவதற்காக. நான் மருத்துவர் அல்ல, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: பஸ் பிடிக்க ஓடியதோடு சரி. நான்கு மாதத்தில் 42 கிலோமீட்டர் முடியுமா அக்கா?

பதில்: 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓட முடிகிறவருக்கே 16 முதல் 20 வாரம் வேண்டும். நீங்கள் அந்த இடத்துக்கு வரவே இரண்டு மூன்று மாதம் ஆகும். எனவே அதற்கு அடுத்த போட்டியைப் பாருங்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் ஓட்டம். அதில் ஒரு நாள் மட்டும் லாங் ரன், அதாவது நீண்ட தூர ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். தூரத்தை மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நான்காவது வாரம் இறக்குங்கள். கடைசி மூன்று வாரம் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அப்போது கால் துறுதுறுவென்று இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி: பயிற்சியில் ஒரு தடவையாவது முழுத் தூரமும் ஓடிப் பார்க்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். 30, 32 போதும். அதற்கு மேல் ஓடினால் உடம்பு தேற வாரக்கணக்கில் ஆகும், பயிற்சி அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: நடுவில் நடந்தால் கேவலமா?

பதில்: 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான் பல்லாண்டு கற்றுக்கொடுத்தார். முதல் கிலோமீட்டரிலிருந்தே திட்டமிட்டு நடப்பதும், 35-இல் கால் செத்துப்போய் நடப்பதும் ஒன்றல்ல.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம்? நிறையக் குடிக்கச் சொல்கிறார்களே?

பதில்: தாகத்துக்குக் குடியுங்கள். மெதுவாக ஓடுகிற புதியவர்கள் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடித்துக்கொண்டே போவார்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்விடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தால் நீங்கள் அதிகம் குடித்துவிட்டீர்கள்.

கேள்வி: எந்த ஷூ?

பதில்: ஏற்கெனவே ஓடிப் பழகிய ஷூ.

கேள்வி: போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. தெரிந்தவர்கள் எல்லாரும் பணம் கொடுத்துவிட்டார்கள், ஓடியே ஆக வேண்டும். என்ன மாத்திரை போடலாம்?

பதில்: மாத்திரை வேண்டாம். வலி நிவாரணியைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடினால் சிறுநீரகத்துக்கும் கேடு, வலி சொல்வதும் காதில் விழாது. விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பு நெடுகப் பரவலாக வலித்தால் ஒரு கதை. ஒரே புள்ளியில் சுருக்கென்றால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், மயிரிழை விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்கும் இதேதான் நடந்தது. கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஓடினேன். 27-ஆவது கிலோமீட்டரில் உட்கார்ந்தவள், அப்புறம் நாலு மாதம் ஓடவே இல்லை. வெட்கத்துக்குப் பயந்து எலும்பை உடைத்துக்கொண்டேன்.

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டு ஓடாமல் இருப்பது ஏமாற்று இல்லையா?

பதில்: பணம் தொண்டு அமைப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யார் ஏமாந்தது?

கேள்வி: ஓடுவேன் என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? நான் கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்பேன்.

பதில்: கேளுங்கள், அது உங்கள் உரிமை. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. “கால் எப்படி இருக்கிறது?” என்றுதான் கேட்டார்கள். ஆனால் உங்கள் பேச்சில் ஒரு நியாயம் உண்டு, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் நிதி கேட்கும் முதல் செய்தியிலேயே எழுதிவிடுகிறேன்: “காயம்பட்டால் ஓடமாட்டேன், பணம் அமைப்புக்கே போகும்.” பணத்தை என் கணக்கில் வாங்குவதில்லை, நேரே அமைப்புக்கே அனுப்பச் சொல்கிறேன். அமைப்பு ஒதுக்கித் தரும் போட்டி நுழைவில் ஓடுகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: குறைந்தபட்சத் தொகை சேராவிட்டால், அல்லது ஓடாவிட்டால், மிச்சத்தை யார் கட்டுவது? கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

கேள்வி: அப்படி எழுதினால் யார் கொடுப்பார்கள்?

பதில்: எனக்குக் கொடுத்தார்கள். இந்த வழக்கு போதும், அடுத்தது.

கேள்வி: பயிற்சியில் 42 ஓடிப் பார்க்கலாமா?

பதில்: மேலே.

கேள்வி: புது ஷூவைப் போட்டியன்று…

பதில்: மேலே. மேலே!

கேள்வி: கால் வலி என்று கேட்டவன் நான்தான். ஒரே புள்ளியில்தான் வலிக்கிறது. நாளைக்கு மருத்துவரைப் பார்க்கிறேன். அதுவரை, இன்று சாயங்காலம் சும்மா ஒரு 5 கிலோமீட்டர் மட்டும்…

பதில்: கூடாது.