முட்டம் பாறையும் நம் மலைக்கல்லும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிறந்தது, படித்தது, கட்டிக்கொடுத்தது எல்லாமே இந்த மலையில்தான். கடலை இந்த ஆண்டுக்கு முன் ஒரே ஒரு முறை, கல்லூரிச் சுற்றுலாவில் மெரினாவில் பார்த்ததோடு சரி. இந்த மே மாத விடுமுறையில் நானும் கணவரும் தங்கை பையன்கள் இரண்டு பேரும் நாகர்கோவில் போய், அங்கிருந்து முட்டம் போனோம். நீங்கள் எப்போதோ முட்டத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அது மனதிலேயே இருந்தது.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைமேல் நின்றதும் எனக்கு எங்கள் ஏற்காட்டுப் பகோடா பாயின்ட்தான் ஞாபகம் வந்தது. அங்கே கீழே காடும் ஊரும், இங்கே கடல், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது ஒரு அலை வந்து மோதியது. உள்ளங்காலில் அதிர்வு ஏறியது. அதற்குப் பிறகு எதையும் யோசிக்க முடியவில்லை.

ஒரு வருத்தம். பையன்கள் படம் எடுக்கக் கீழ்ப்பாறைக்கு இறங்கினார்கள். வயதான மீனவர் ஒருவர் ஓடிவந்து, கெட்ட வார்த்தை என்றுதான் சொல்ல வேண்டும், அப்படித் திட்டி மேலே ஏற்றினார். அலை அப்போது பெரிதாகக்கூட இல்லை. வெளியூர்க்காரர்கள் என்றால் இளக்காரமா என்று எனக்குக் கோபமாக வந்தது. இன்னொன்று, வீட்டுக்கு வந்து யோசித்தால் அந்தச் சத்தத்தைத் தவிர எதுவுமே நினைவில் இல்லை. எடுத்த படங்களிலெல்லாம் பாறையும் எங்கள் முகமும்தான். அவ்வளவு தூரம் போய் எதைப் பார்த்தோம்? அந்தக் கல் எங்கள் வீட்டுக் கொல்லைக் கல் மாதிரியே இருந்தது என்றேன். கணவர் சிரித்தார். பொங்கல் விடுமுறையில் மறுபடி போகலாம் என்றிருக்கிறோம். எங்கே நின்று பார்க்க வேண்டும், சொல்லுங்கள்.

அன்புடன்,
க.
ஏற்காடு

*

அன்புள்ள க,

முதலில் அந்த மீனவர். அவர் உங்களை அவமதிக்கவில்லை. உங்கள் தங்கை பையன்கள் இன்று வீட்டில் இருப்பதற்கு அவரும் ஒரு காரணமாக இருக்கலாம். இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

மலைக்காரர்களுக்கும் சேலத்துக்காரர்களுக்கும் தெரிந்த தண்ணீர் ஏரித் தண்ணீர், அணைத் தண்ணீர். ஏற்காடு ஏரி இந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ அடுத்த நிமிடமும் அப்படியேதான் இருக்கும். கடல் அப்படி அல்ல. பத்து அலை சின்னதாக வரும், பதினோராவது அலை ஆளை அடித்துக்கொண்டு போகும். நீங்கள் போன ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. குமரிக் கரையிலும் கேரளத்திலும் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயல் அடிக்கும். அங்கே எழும்பிய அலை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். கடல் மட்டும் திருடன் மாதிரி சத்தமில்லாமல் ஏறும். பெயரே அதனால் வந்ததுதான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இப்போது இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே 6 அன்று அப்படி எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் முட்டத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்துபோனார்கள். ஒரு கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கரைக்காரர்கள் இதையெல்லாம் செய்தியில் படிப்பதில்லை, கண்ணால் பார்க்கிறார்கள். பிள்ளைகள் ஈரப் பாறையில் இறங்குவதைக் கண்டால் வாயில் நல்ல வார்த்தை வராது.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. முதல் முறை முட்டம் போனபோது, நீங்கள் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் கீழே, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இடுப்புவரை நனைத்துவிட்டு அலை திரும்பியபோது கால் நழுவியது. சிப்பி எடுக்க வந்த ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். திட்டி முடித்தபின் என்னை உட்காரவைத்துப் பாறையைக் காட்டினார். கீழே பச்சையும் கறுப்புமாகப் பாசி படிந்த பட்டை. அதற்கு மேலே சின்னச் சின்ன ஓடுகள் சொரசொரப்பாக ஒட்டியிருக்கும் பட்டை. அதற்கும் மேலே, நம் மலைப்பாறை மாதிரி காய்ந்து பழுப்பேறிய கல். "கறுத்துக் கெடக்கியது கடலுக்க கல்லு. அதுல நிக்கப்பிடாது" என்றார். அவ்வளவுதான் பாடம். அலை இப்போது எங்கே வருகிறது என்று பார்க்கக் கூடாது, எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கல்லைப் பார்க்க வேண்டும். அடுத்த முறை பையன்களுக்கு அந்தப் பட்டைகளைக் காட்டுங்கள், மேலே நின்றபடி.

சரி, கல்லுக்கு வருவோம். உங்கள் கணவர் சிரித்திருக்க வேண்டாம், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சரி. உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் என்ற பாறை. குமரிக் கடலோரத்திலும் நாகர்கோவில் பக்கத்திலும் அதே சார்னோகைட், சிவப்பு மணி பதித்த, வரிவரியான நைஸ் என்ற பாறையோடு கலந்து கிடக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைமேல் வைத்த பலகை சென்னைப் பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல். அதைப் பார்த்துத்தான் இந்திய நிலவியல் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல் தமிழ்நாட்டுக் கல், பெயர் மட்டும் செத்துப்போன வெள்ளைக்காரர் பெயர். அடிவாரத்திலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய இடங்களைப் பாருங்கள். வெயில்பட்ட முகம் பழுப்பாக இருக்கும். புதிதாக உடைந்த முகமோ கருநீலம் கலந்த சாம்பல் நிறத்தில், கையால் எண்ணெய் தடவியது போல் மினுங்கும். அந்த எண்ணெய் மினுக்கம்தான் அடையாளம்.

ஆனால் இரண்டும் ஒரே வயது அல்ல. நம் மலைக்கல் பூமிக்கு அடியில் வெந்து இந்த உருவத்துக்கு வந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். குமரிக் கல் கடைசியாக வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் இலங்கையும் ஆப்பிரிக்காவும் ஒட்டி ஒரே நிலமாகச் சேர்ந்த காலத்தில். ஜாடை ஒன்று, பிறந்த காலம் வேறு.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. அவ்வளவு தூரம் போய் எதைப் பார்த்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முனையின் மேலேயே நின்றுவிட்டீர்கள். முனையில் நின்றால் முனை எப்படித் தெரியும்? நான் சேலத்தில் ஹஸ்தம்பட்டியில் இருக்கிறேன். மாலையில் மொட்டை மாடிக்குப் போனால் வடக்கே சேர்வராயன் முழுதாக நிற்கும். ஐப்பசி மழை விட்ட நாளில் மேகம் மலையின் இடுப்பில் படுத்துக்கொண்டு உச்சி மட்டும் தனியாகத் தெரியும். இருட்டியதும் மலைச்சாலையில் வண்டி விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பி ஏறும். ஒவ்வொரு வளைவிலும் விளக்கு மறைந்து, கொஞ்ச நேரம் கழித்து இன்னும் மேலே எட்டிப் பார்க்கும். மலைமேல் குடியிருக்கும் உங்களுக்கு இந்தக் காட்சி கிடையாது. லேடீஸ் சீட்டில் நின்றால் உங்களுக்குத் தெரிவது சேலத்தின் விளக்குகள். மலையைப் பார்க்க இறங்கித்தான் வர வேண்டும்.

முட்டத்திலும் அப்படியே. பாறையிலிருந்து இறங்கி இரண்டு பக்கமும் உள்ள மணல் கரைகளுக்குப் போங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு முன்னால் ஆழம் குறைவு. வரும் அலையின் நடுப்பகுதி அங்கே தரை தட்டி வேகம் குறையும், ஓரங்கள் ஆழத்தில் வேகமாகவே வரும். அதனால் அலை வளைந்து முனையைச் சுற்றிக்கொள்ளும். நாலு பக்கத்துப் பலமும் பாறைமேல் வந்து விழும். உங்கள் உள்ளங்காலில் ஏறிய அதிர்வு அதுதான். அதே அலை பக்கத்து வளைகுடாவில் விரிந்து, பலம் பரவி, மணலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும். பாறை அடி வாங்குவதால்தான் பக்கத்தில் படகு கரையேற இடம் இருக்கிறது. படகு கரையேறும் இடத்தில்தான் ஊர். மேற்கே கடியபட்டணம், அங்கேதான் வள்ளியாறு கடலில் சேர்கிறது. அந்தக் கரையில் நின்று திரும்பிப் பாருங்கள், முட்டம் முனை உங்களுக்கு முழு உருவமாகத் தெரியும்.

அந்த அமைதியான, தாழ்ந்த கரைகளைத்தான் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அதிகம் அடித்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. மணக்குடியில் பாலமே பெயர்ந்து போனது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் பேச உட்கார்ந்தால் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கரையில் மணலைக் குனிந்து பார்க்க மறக்காதீர்கள். அலை பின்வாங்கியதும் மணலில் கறுப்பு வரி, கருஞ்சிவப்பு வரி, வெளுத்த வரி என்று தனித்தனியாகக் கோடு விழும். எடை கூடிய மணிகளை அலை தள்ளிக்கொண்டு போக முடியாமல் விட்டுவிடுகிறது. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. மணவாளக்குறிச்சியில் இன்றும் அந்த மணலைப் பிரிக்கிறார்கள்.

அப்புறம் உள்ளே போங்கள். பாறைமேல் நிற்கும்போதுதான் கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. சாலைக்கு ஏறியபின் முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். முட்டத்துக்குப் பின்னால் தேரி இருக்கிறது, ரத்தச் சிவப்பான மணல் மேடு. ஒவ்வொரு மணியிலும் துருப்பூச்சு ஏறியிருப்பதால் வந்த நிறம். மழை அதை அரித்து ஆள் மறையும் ஓடைகளாக வெட்டியிருக்கிறது. ஓரமெல்லாம் பனை. ஒரு பக்கம் அந்தச் சிவப்பு, மறு பக்கம் கடல் நீலம். எனக்கு முட்டம் என்றால் இன்றும் முதலில் மனதில் வருவது பாறை அல்ல, இந்த நிறங்கள்தான். வானம் தெளிந்த நாளில் வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி வரிசை நீலமாகத் தெரியும். மலையில் பிறந்தவர் நீங்கள், அதைத் தேடாமல் வரமாட்டீர்கள்.

போவதைப் பற்றிக் கொஞ்சம். சேலத்தில் இரவு நாகர்கோவில் ரயில் ஏறினால் காலையில் இறங்கலாம். கன்னியாகுமரியில் தங்குவதானால் ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே பக்கத்திலேயே சின்னமுட்டம் என்று வேறு துறைமுகம் இருக்கிறது. அது கிழக்குக் கடல், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம் மேற்குக் கடல், தடை ஜூன், ஜூலை. தை மாதத்தில் கடல் மே மாதத்தைவிட அடங்கியிருக்கும். அப்போதும் கறுத்த கல்லில் கால் வைக்க வேண்டாம்.

விடியும்போதே கரைக்குப் போனால் வலை உதறிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெரியவர் அங்கே இருந்தால் பையன்களைக் கூட்டிப்போய் அவர்முன் நிறுத்துங்கள். ஏற்காட்டுக் காப்பித்தூள் ஒரு பொட்டலம் கொண்டுபோனால் நல்லது. இந்த முறை மரியாதையாகவே பேசுவார்.

அன்புடன்