ஒன்றரை ஷிப்ட் வேலைக்கு நடுவே என்பிடெல் கோர்ஸ் முடிக்க முடியுமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கேன். டிப்ளமோ படிச்சிருக்கேன். குவாலிட்டி கண்ட்ரோல் வேலைக்குப் போகணும். ஐஐடிகள் சேர்ந்து ஆன்லைனில் நடத்துற என்பிடெல் இலவசக் கோர்ஸ் உதவுமா? பாதியில் விட்டுடுவேனோன்னு பயம்.

பதில்:

உதவுங்க. ஆனா எடுத்த எடுப்பிலேயே பன்னிரண்டு வாரக் கோர்ஸில் இறங்காதீங்க. நாலு வாரமோ எட்டு வாரமோ பாருங்க. வாரத்துக்குச் சுமார் ரெண்டரை மணி நேர வீடியோ. ஆங்கிலம் தடுமாறினால், நிறுத்தி நிறுத்திப் பார்க்க நாலு மணி நேரம் ஓடிடும். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வர்றவங்களுக்கு ஞாயிறுதான் மிச்சம். வீடியோ பாடத்தின் எழுத்து வடிவத்தை முதலில் படிச்சிட்டு வீடியோவுக்குப் போனா நேரம் மிச்சமாகும். சில பாடங்களுக்கு அது தமிழிலேயே இருக்கு.

பலர் விழுறது அசைன்மென்ட்டில்தான். வீடியோவை எப்போ வேணும்னாலும் பார்க்கலாம். அசைன்மென்ட்டுக்குக் கெடு உண்டு, பெரும்பாலும் புதன் ராத்திரி. தாண்டினா அந்த மார்க் போச்சு. மொத்த மார்க்கில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பாஸாக முறையே 10-ம் 30-ம் வேணும், ரெண்டும் தனித்தனியா. பன்னிரண்டு வாரக் கோர்ஸில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டின் சராசரியை எடுப்பாங்க. மூணு மட்டும் எழுதி மூணிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் 300-ஐ எட்டால் வகுக்க 37.5 சதவீதம், அதாவது 25-க்கு 9.4. தேர்வில் 75-க்கு 75 எடுத்தாலும் சர்டிபிகேட் கிடையாது!

சர்டிபிகேட்டை மட்டும் காட்டி திருப்பூரில் க்யூசி வேலை வாங்குறது கஷ்டங்க. இண்டர்வியூவில் துணியைக் கையில் கொடுத்துத்தான் கேட்பாங்க. இலவசக் கோர்ஸின் பெரிய குறையே ஆய்வகம் இல்லாததுதான். உங்களுக்கு அந்தக் குறை இல்லை, கம்பெனியே ஆய்வகம். ஐஐடி டெல்லியின் பின்னல் பாடத்தில் லூப் நீளம் (ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் நீளம்) வந்தா, அன்னிக்கே ரெண்டு ரோல் துணியில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) எடுத்துப் பாருங்க. ரவுண்ட் கட்டரில் வெட்டின 100 சதுர செ.மீ. துண்டு 1.8 கிராம் நின்னா 180 ஜிஎஸ்எம். ஒரே நூல், ஒரே மெஷின், ஆனாலும் ஒரு ரோல் 172 காட்டினா, லூப் நீளம் கூடியிருக்கா, துணியை அழுத்திச் சுருக்குற காம்பாக்டிங்கில் இழுத்துட்டாங்களான்னு தேடுங்க. பதிலை மாஸ்டர்கிட்டக் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. கோர்ஸின் கேள்வி பதில் பக்கத்தில் இதுக்கெல்லாம் பதில் வர நாளாகும், சில சமயம் வரவே வராது.

படிக்கக் காசில்லை, தேர்வுக்குத்தான் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். ரெண்டு வாரம் படிச்சுப் பார்த்துட்டுக் கட்டினா போதும், கடைசித் தேதியை மட்டும் குறிச்சு வைங்க. தேர்வு மையத்துக்குக் கோயம்புத்தூரைப் போடலாம். பதிவு பண்ணும்போது பேரை ஆதாரில் உள்ளபடியே அடிங்க. இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்கிற குழப்பத்தை அங்கேயே தீர்த்துடுங்க, நீங்க அடிச்ச பேர்தான் சர்டிபிகேட்டில் வரும்.