ரெட்டினாய்டு என்றால் என்ன? பருவும் சுருக்கமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு அதை ஏன் சொல்கிறார்கள்?

வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளே ரெட்டினாய்டுகள். இங்கே சொல்வது தோலில் பூசும் வகையை. அடாபலீன், டிரெட்டினாயின் போன்றவை. உதிர வேண்டிய தோல் செல்கள் தோலின் துளைகளை அடைத்தால் பரு வருகிறது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் குறைந்தால் சுருக்கம் விழுகிறது. இம்மருந்து செல் உதிர்வைச் சீராக்கும், கொலாஜன் உருவாவதையும் தூண்டும். வாய்க்காலில் சருகு அடைக்காமல் பார்த்துக்கொண்டே, அதன் கரைகளுக்கும் மண் அணைப்பவரைப் போல.

இரவில், ஈரம் உலர்ந்த முகத்தில், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். தொடக்கத்தில் வாரம் 2 இரவுகள். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் தொடவே வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் வாரங்களில் தோல் லேசாக உரிந்தாலோ பரு கூடினாலோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அது அவசர முடிவு: பரு குறையவே 8 முதல் 12 வாரங்கள் ஆகும், சுருக்கத்துக்கு மாதக்கணக்கில் ஆகும்.