சுண்டெலியில் பலித்தது பெண்களுக்கு ஏன் இன்னும் வரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடலுறவால் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றைப் பற்றி எழுதியபோது, சுண்டெலிகளில் தடுப்பூசி பலனளித்ததாகச் சொல்லியிருந்தீர்கள். பெண்களுக்கு மட்டும் அது ஏன் இன்னும் வரவில்லை? எலிகளை வதைத்து என்ன கண்டோம்?

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

நிறையவே கண்டிருக்கிறோம். ஆனால் எலி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களைத் தாக்கும் கிளமிடியா டிராக்கோமேட்டிஸைச் சுண்டெலியின் யோனியில் விட்டால், பெரிய பாதிப்பு இல்லாமல் சீக்கிரமே அழிந்துவிடும். தொற்று வந்ததும் உடலில் இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புப் புரதம் சுரக்கும். அது கிடைத்ததும் மனிதச் செல், கிருமி வளரத் தேவையான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்துக் கிருமியைப் பட்டினி போடும். பிறப்புறுப்பைத் தாக்கும் வகைகளிடம் அதற்கும் வழி இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்கள் வெளிவிடும் இண்டோல் என்ற வேதிப்பொருளை எடுத்து டிரிப்டோஃபேனைத் தாங்களே செய்துகொள்ளும். சுண்டெலியின் செல்லோ, கிருமி குடியிருக்கும் பையையே உடைக்கும். அங்கே இந்த வித்தை பலிக்காது.

அதனால் பலரும் கிளமிடியா மியூரிடாரத்தை எடுக்கிறார்கள். 1942இல் சுண்டெலி நுரையீரலில் கண்டறியப்பட்ட உறவுக்காரக் கிருமி. சுண்டெலியின் இனப்பெருக்கச் சுழற்சி 4, 5 நாள்தான். அதன் ஒரு கட்டத்தில் யோனியின் உட்படலம் தடித்துத் தொற்றை மறிக்கும். எனவே ஒரு வாரம் முன்பே புரொஜெஸ்டிரோன் வகை ஊசி போட்டுச் சுழற்சியை நிறுத்திவைப்பார்கள். அப்புறம் தொற்று கருக்குழாய் வரை ஏறும். சுமார் 4 வாரத்தில் தானாக அடங்கும். ஆனால் குழாயில் நீர் கோத்த வீக்கம் தங்கிவிடும். பெண்களுக்குக் குழந்தைப்பேறு தடைபடுவதிலும் இதே சேதத்தைப் பார்க்கிறோம். கிருமியை விரட்ட வரும் வெள்ளணுக்களுக்கும் அந்தச் சேதத்தில் பங்குண்டு என்பதை இந்த எலிகள் தெளிவாகக் காட்டின. என்னைக் கேட்டால், இந்த ஆய்வுகளின் பெரிய பலன் இதுதான்.

தடுப்பூசி என்று வரும்போதுதான் சிக்கல். பெண்ணுடலில் தொற்று அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில் தங்கக்கூடும். எப்படியும் 4 வாரத்தில் அடங்கும் தொற்றைச் சற்று முன்னதாக அடக்கிய ஊசி இங்கே என்ன செய்யும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. போதாததற்கு, பெரும்பாலான பெண்களின் யோனியில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா நிறைந்து அமிலத்தன்மை மிகுந்திருக்கும்; எலியில் அப்படி இல்லை.

ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்று பரவுவதைப் பார்க்கக் கினிப் பன்றி உதவும். மாதவிடாய் வரும் மக்காக் குரங்கு இன்னும் நெருங்கி வரும், ஆனால் அதைச் சில ஆய்வகங்களே வைத்திருக்க முடியும். பதில் சொல்ல முடியாத கேள்வியோடு ஒரு விலங்கைக் கூண்டில் அடைப்பதைத்தான் நான் வதை என்பேன்.

பெண்களுக்கான ஊசி வரவே இல்லை என்பதும் சரியில்லை. 35 பெண்கள் கலந்துகொண்ட முதல் கட்டச் சோதனையின் முடிவுகள் 2019இல் வெளியாயின. ஊசி பாதுகாப்பானது, எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது என்று தெரிந்தது. தொற்றைத் தடுக்கிறதா என்பதை, இன்னும் நிறையப் பெண்கள் பங்கேற்கும் சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.