கன்று ஈன்று ஐந்து மாதமாகிறது, பால் குறைகிறது, ஆடை மட்டும் கெட்டியாகிறதே, ஏன்?

பயப்பட வேண்டாம், அது இயல்புதான். ஈன்ற 6 முதல் 8 வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும். அப்போது கொழுப்புச் சதவீதம் குறைவு. அப்புறம் பால் இறங்க இறங்கக் கொழுப்பு ஏறும்.

ஆடை திடீரென மெலிந்தால்தான் யோசிக்க வேண்டும். முதல் பீய்ச்சலில் வரும் பால் நீர்த்திருக்கும், கடைசியில் ஒட்டக் கறப்பதில்தான் வெண்ணெயே இருக்கிறது. இரண்டையும் தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, இரவு முழுக்கக் குளிர்ச்சியான இடத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மாடு பாலை அடக்கிக்கொண்டால் அந்தக் கொழுத்த பால் கன்றுக்குத்தான் போகும். (கன்றுக்கு அதில் வருத்தமில்லை.)

தவிடு, பிண்ணாக்கைக் கூட்டி வைக்கோல், புல்லைக் குறைத்தாலும் ஆடை மெலியும். பால் திரிதிரியாக வந்து மடியும் சுட்டால் மடிநோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.