சத்தம் பெல்ட்டிலா, புல்லியிலா?

கேள்வி: எஸ்டேட் வேலைக்கு ஓடும் டீசல் ஃபோர் வீல் ஜீப். 80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கீச்சென்று கத்துகிறது. பெல்ட்டைப் புதிதாக மாற்றியும் இரண்டே வாரத்தில் அதே சத்தம். வேறு என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், வால்பாறை

பதில்: புது பெல்ட்டும் கத்துகிறது என்றால் இனி பெல்ட்டுக்குச் செலவு செய்யாதீர்கள், பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளைப் பாருங்கள். இன்ஜின் ஐட்லில் ஓடும்போது, ஃபேனுக்குக் கையும் துணியும் போகாதபடி தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது. கூடினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கும், இல்லையேல் ஒரு புல்லி இறுகியிருக்கும். தண்ணீருக்கு அசையாத உறுமல் என்றால் பெரும்பாலும் பேரிங்தான்.

அடுத்து இன்ஜினை ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெல்ட் போகும் வழியை போனில் படம் எடுத்துக்கொண்டு, டென்ஷனரை ஸ்பேனரால் மெல்லத் திருப்பி பெல்ட்டை எடுங்கள். இப்போது ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். 'நல்லா ஃப்ரீயா சுத்துது' என்று பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெல்ட்டுக்கு வழி காட்ட மட்டும் சுற்றும் புல்லிதான் ஐட்லர். நல்ல ஐட்லர் பேரிங்கில் கிரீஸின் லேசான பிடிப்பு இருக்கும். சுற்றிவிட்டால் சீக்கிரம் நின்றுவிடும். சரசரவென்று வெகுநேரம் சுற்றினால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது. விளிம்பைப் பிடித்து ஆட்டும்போது பிளே (தளர்வான ஆட்டம்) தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஃபேன் வாட்டர் பம்ப் தண்டிலேயே இருக்கும் வண்டிகளில் ஃபேனையும் ஆட்டிப் பாருங்கள். பம்ப்புக்கு அடியில் கூலன்ட் கசிந்த கறை இருந்தால் குற்றவாளி பம்ப். கடைசியாக ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் வைத்து வரிசை பாருங்கள்.

உங்கள் ஊர் வண்டிக்கு இது சீக்கிரம் வரக் காரணம் இருக்கிறது. பேரிங்கின் ரப்பர் சீல் தூசிக்குத்தான், முங்குவதற்கு அல்ல. சூடான பேரிங் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிவிடும். வாட்டர் சர்வீஸில் பேரிங் மேல் நேராகப் பீய்ச்சி அடிப்பதும் இதே கேடுதான்.

மாற்றும்போது பேரிங் சீலில் உள்ள எண்ணைப் படியுங்கள். பல ஐட்லர்களில் இருப்பது 6203: உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையே வாங்குங்கள். சர்க்ளிப் (பேரிங்கைப் பூட்டிவைக்கும் வளையம்) போட்ட இரும்புப் புல்லி என்றால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். வெளி வளையத்தில் மட்டும் அழுத்தி இறக்க வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும், புது பேரிங்கே சத்தம் போடும். பேரிங்கோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் புல்லியை முழுசாகவே மாற்றுங்கள். சில டென்ஷனர் போல்ட்டுகள் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில்தான் கழலும். இறுகி நின்றால் பைப் போட்டு நெம்பும் முன் திசையைச் சரிபாருங்கள். போல்ட்டை இறுக்கும் முறுக்கு அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடிதான்.

கேள்வி: கிராங்க் புல்லி லேசாகத் தள்ளாடுகிறது. வெல்டிங் வைக்கலாமா?
– வாசகர், போடி

பதில்: கூடவே கூடாது. இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்கில் இருக்கும் அது, பெரும்பாலான இன்ஜின்களில் வெறும் புல்லி அல்ல. நடுப் பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ரப்பர் வைத்து, கிராங்கின் முறுக்கு அதிர்வை விழுங்க அமைத்தது. வெல்டிங் அந்த வேலையையே நிறுத்திவிடும். அதிர்வு கிராங்குக்குப் போகும். நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே கோடாக பெயின்ட் தீட்டி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் ரப்பர் விட்டுவிட்டது, புதிது போடுங்கள். ரப்பர் பிதுங்கியோ வெடித்தோ இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். புதியதைப் பின்னாளில் கழற்ற நேர்ந்தால், வெளி விளிம்பில் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி இழுத்தால் அதுவும் கிழிந்துவிடும். நடுப் பகுதியில் உள்ள மரைத் துளைகளில் மாட்டித்தான் கழற்ற வேண்டும்.

கேள்வி: பெல்ட் சத்தத்துக்கு ஸ்ப்ரே அடிக்கலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். இரண்டு நாள் அமைதி, பிறகு அந்தப் பசையில் தூசி ஒட்டி வரிகளை அரைக்கும். புல்லிப் பள்ளங்களில் அடைந்த சேற்றை சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு எடுத்து, உலர்ந்த பிறகு பெல்ட் மாட்டுங்கள்.