உரத்தொட்டி நாறுகிறது என்று பக்கத்து வீட்டில் சண்டை, தொட்டியை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். "இந்தக் குப்பையை எப்போது எடுக்கப் போகிறீர்கள்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்துக் கேட்டது என்னைத்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

கொல்லைப்புறத்தில் ஒரு டிரம் வைத்து, அடுப்படிக் கழிவை மட்டும் கொட்டி மூடிவைத்திருப்பீர்கள். நாற்றத்துக்குக் காரணம் கழிவு அல்ல, ஈரம். காய்த்தோலும் பழைய சோறும் நீர் கோத்து அமுங்கினால் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்கள்தான் அந்த அழுகல் வாடையைக் கிளப்புகின்றன. ஒரு கூடை கழிவுக்கு இரண்டு கூடை சருகு போடுங்கள். தொட்டிக் கலவையில் கார்பனும் நைட்ரஜனும் 30க்கு 1 என்று இருக்க வேண்டும் எனத் திருத்துவதற்கு வேளாண்மை படித்தவர்கள் வருவார்கள். சரிதான், மறுக்கவில்லை. வெங்காயத் தோலைத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்க எனக்குப் பொழுதில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கையில் ஈரம் படிய வேண்டும், சொட்டக்கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு.

சருகுக்கு எங்கே போவது? தாம்பரத்தில் எங்கள் தெருவில் மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலையைக் கொட்டித் தீர்க்கும். எதிர்வீட்டு அக்கா விடிந்ததும் கூட்டிக் கொளுத்துவார். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக்கூடாது. அதைச் சொல்லியிருந்தால் இன்றுவரை பேச்சுவார்த்தை இருந்திருக்காது. கோணிப்பையோடு போய், "கொளுத்தாதீர்கள் அக்கா, எனக்குக் கொடுங்கள்" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் கொடுத்தார். பிறகு மதில்மேல் எட்டிப் பார்த்தவரே மாஞ்சருகு கொண்டுவந்தார். கொடுத்தவர்களுக்குச் சும்மா இருக்க முடியுமா? "எங்கள் இலை என்ன ஆயிற்று?" என்று டிரம்மைத் திறந்து பார்க்க வந்தார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு சட்டி உரமும் நாலு அவரை விதையும். ஆடியில் விதைத்தது தையில் ஐந்தாறு வீட்டில் காய்த்தது. காய் கொடுத்து அக்கம்பக்கத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். எனக்கு என்னவோ கேட்டு வாங்கியதில்தான் சேர்ந்தது.

சேர்ந்ததில் தொல்லையும் உண்டு. என்னிடம் கீரை வாங்கிப் போகிறவர்கள் பாத்திரத்தைத் திருப்பித் தருவதில்லை. அம்மா வீட்டுச் சீராக வந்த எவர்சில்வர் தூக்கு, பெயர் வெட்டியது, எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதை அவர்களும் படிக்கட்டும்.

தனிவீட்டுக்காரி எதையும் சொல்லலாம் என்பீர்கள். மாடிக் குடியிருப்பில் இதே வேலையை ஓட்டை போட்ட மண்பானையில் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் மருந்து அடிக்காதீர்கள். பெரும்பாலும் அவை கறுப்பு நிறப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று தீர்க்கும், அந்த ஈ கடிக்காது.

இன்றைக்கே சருகைக் கொட்டிக் கிளறுங்கள். அப்படியும் வாடை நிற்கவில்லை என்றால் டிரம்மின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.